சாமிக் கிடா தாண்டிய வேலி

மரவள்ளிக் காட்டில் களை எடுத்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது, என் வீட்டுக்காரர் ஆட்டுப் பட்டிக்குள் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார். இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே குவிந்திருந்தன. கண் பாதி மூடியிருந்தது. அவருக்கு எதிரே, நாலெட்டுத் தள்ளி, ஊர்ச் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா எங்கள் குட்டை ஆடு சாமையின் மேல் ஏறியிருந்தது.

"தள்ளி உடுங்க அதை!" என்று கத்தினேன்.

"சாமி கிடா, கண்ணு."

"கிடாவுக்குத் தெரியுமா அது சாமி கிடான்னு? தடி எங்க?"

"அபசாரமாப் பேசாத. அடிச்சா ஊருக்கே ஆகாது."

நான் வேலியில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆட்டுக்கு இந்தக் காரியத்தில் நேரமே ஆகாது. கழுத்தில் காய்ந்த மாலையோடு அந்தத் தடியன் வேலியை ஒரே தாவில் தாண்டினான். போகிற போக்கில் என் பூசணிக் கொடியில் இரண்டு வாய் கடித்துக்கொண்டான். சாமை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலப் பலா இலை தின்னப் போனாள்.

எனக்குத்தான் அன்றிலிருந்து நாளை எண்ணுகிற வேலை வந்தது. ஐந்து மாதம் எண்ணினேன்.

எதுக்கு என்கிறவர்களுக்கு

சாமை என்பது ஆடு. முழங்கால் உயரம். கால் குட்டை, வயிறு பானை, காது நட்டுக்குத்தலாக நிற்கும். பிக்மி என்கிறார்கள். நம் நாட்டு ஆடு இல்லை. எத்தனை வயதானாலும் பார்ப்பவர்கள் "குட்டி அழகா இருக்கே, தாய் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். அவளே நாலு முறை ஈன்ற தாய்.

இந்தத் தொடரில் ஆடுகளைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் ஒரே கேள்விதான் வருகிறது. பால் எவ்வளவு கறக்கும்? கறி எவ்வளவு தேறும்? எங்கள் மலையில், திண்ணனூர் நாட்டில் கேட்காத ஆளே கிடையாது.

பால் கறப்பதில்லை. கறிக்கு விடுவதில்லை. பிறகு எதற்கு வளர்க்கிறாய் என்றால், வளர்க்கிறேன், அவ்வளவுதான். நாய் வளர்ப்பவனிடம் போய் எத்தனை லிட்டர் என்று கேட்கிறீர்களா? சாமை காலையில் என் பின்னாலேயே அடுப்படிக்கு வருவாள். நான் உட்கார்ந்தால் மடியில் தலையை வைப்பாள். பைக்கை நிறுத்தினால் ஏறி சீட்டில் நிற்பாள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் குறையும். எனக்குக் கோபம் குறைவது எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு நல்லது என்று கேட்டுப் பாருங்கள்.

அவளுக்கு ஜோடி மிளகு. கறுப்பு, உருண்டை. குணம் தங்கம், நாற்றம் தாங்காது. கிடாக்கள் பருவத்தில் தங்கள் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொள்ளும். பெட்டைக்கு அது பிடிக்குமாம். செல்லப் பிராணி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

பெங்களூருக்காரர்கள் விட்டுப் போனது

இரண்டையும் நான் தேடிப் போகவில்லை. எங்கள் ஊருக்கு மேலே பெங்களூர்க் குடும்பம் ஒன்று வீடு கட்டியது. பிள்ளைகள் விளையாட இவை இரண்டையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் ரிப்பன், மணி எல்லாம் கட்டியிருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு கோடை விடுமுறை போதுமாக இருந்தது.

"ஒரு வாரம் பாத்துக்கங்க அக்கா" என்று என் வாசலில் விட்டுப் போனார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

குளம்பு வெட்டாமல் செருப்புபோல வளைந்து கிடந்தது. பிஸ்கட் தின்று வயிறு கெட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ரிப்பன்களை அடுப்பில் போட்டேன். குளம்பு வெட்டப் பழகினேன். ஈன்றபோது குட்டிகளுக்கு நல்ல இடம் தேடினேன். கேட்டு வருகிறவரை உட்காரவைத்து, அவர் ஆட்டிடம் எப்படிக் கையை நீட்டுகிறார் என்று பார்ப்பேன். மேலிருந்து தலையில் கை வைக்கிறவருக்குக் கிடையாது. ஆட்டுக்கு அது பிடிக்காது. கீழிருந்து தாடைக்குக் கையைக் கொண்டுபோகிறவரிடம்தான் பேச்சு. தங்கும் விடுதி வைத்திருக்கும் ஒருவர், வருகிறவர்கள் போட்டோ எடுக்க வாசலில் கட்டிப்போடக் கேட்டார். அவரை வேலிவரை துரத்திவிட்டு வந்தேன்.

நல்ல இடமும் கிடைத்தது. சேந்தமங்கலத்தில் ஜமீலா என்று ஒரு பெண். அவள் வீட்டுக்காரர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். சாமையின் இரண்டு பெண் குட்டிகள் அவள் மொட்டை மாடியில் வளர்கின்றன. பக்ரீத் வரும்போதெல்லாம் தெருவில் கேலி பேசுவார்களாம், "மாடியில ரெண்டு நிக்குதே, எப்ப?" என்று. "உங்க பிள்ளைகளக் கேட்டா நான் தருவேனா?" என்று திருப்பிக் கேட்பாளாம். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்கும்.

கிடாவின் உரிமை

சாமிக் கிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டியிலேயே காதில் சிறு வெட்டுப் போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து விட்டுவிடுவார்கள். அதன்பிறகு அதற்குக் கயிறு கிடையாது. எந்தக் காட்டிலும் மேயலாம், யாரும் விரட்டக்கூடாது. கேழ்வரகு காய்கிற களத்தில் வாய் வைத்தால் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். நோன்பு என்கிற ஊர்த் திருவிழா வரும் ஆண்டில் வெட்டுவார்கள். அதுவரை அது ராஜா.

எங்கள் ஊர்ப் பூசாரி சடையன். என்னைவிட இளையவன், மெலிந்த ஆள். ஊரில் உள்ள ஒரே குட்டி லாரி அவனுடையதுதான். மரவள்ளியும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு சோளக்காட்டுச் சந்தைக்கும் கீழ்நாட்டுக்கும் ஓட்டுவான். கிடா என் வேலியோரம் சுற்ற ஆரம்பித்த உடனே அவனிடம் போய்ச் சொன்னேன். பதினைந்து நாள் கட்டிப்போடு, என் ஆடு சிறியது, தாங்காது என்றேன்.

"நான் என்னங்க்கா பண்றது? சாமியத்தான் கேக்கணும்."

கேட்டார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தது.

"பாத்தீங்களா, சாமி வேண்டாங்குது" என்றான்.

"வேலி உசரமாக் கட்டுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கட்டியது என் இடுப்பு உயரம். முழங்கால் உயர ஆட்டுக்கு இது போதாதா என்றார். ஆடு வெளியே போவதைத்தான் மனிதர் யோசித்தார். வெளியே இருப்பது உள்ளே வருவதை யோசிக்கவில்லை.

ஒற்றைக் குட்டி

மறுநாளே கீழே இறங்கிக் கால்நடை டாக்டரம்மாவைப் பார்த்தேன். வாரத்தில் சில நாள் மலைக்கு வருகிறவர்தான். அதுவரை காத்திருக்கப் பொறுமையில்லை.

சிக்கல் இதுதான். கிடா வந்த அன்று காலையில் மிளகையும் சாமையோடு விட்டிருந்தேன். அவனுக்கு வயதாகிவிட்டது. இது அவனுடைய கடைசிக் குட்டியாக இருக்கும் என்று நினைத்துத்தான் விட்டேன். காலையில் மிளகு, சாயங்காலம் சாமிக் கிடா. வயிற்றில் இருப்பது யாருடையது?

"மிளகோடதா இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லம்மா" என்றார் டாக்டர். "பெரிய கிடாவோடதா இருந்தா, குட்டி பெருசா வளரும். இவளோட இடுப்பெலும்பு இவ்வளவுதான்." இரண்டு விரலைச் சேர்த்து வளையம் காட்டினார். "மாட்டிக்கிட்டா ரெண்டு உயிரும் போயிரும். கலைக்க ஊசி இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் மூன்று நாள் சாப்பிடவில்லை. சாமி கொடுத்ததைக் கலைக்கலாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஊசி போடாததற்கு அவர் காரணம் இல்லை, சாமியும் காரணம் இல்லை. மிளகு காரணம். அவன் பட்டியின் மூலையில் படுத்து அசைபோட்டுக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன். அவனுடையதாக இருந்துவிட்டால் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா சிறிய ஸ்கேன் கருவியோடு மேலே வந்தார். வழக்கமாகச் சாமைக்கு இரட்டை. இரட்டை என்றால் இரண்டும் சிறியதாக இருக்கும், சுலபமாக வந்துவிடும்.

"ஒன்னுதான் இருக்கு" என்றார்.

ஒற்றைக் குட்டி என்றால் முழு வயிறும் அதற்கு. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தானியம் குறைங்க. சத்தானது எதுவும் கடைசி மாசத்துல அதிகம் வேண்டாம். குட்டி ஊதிரும். வெறும் தழை போதும்" என்றார்.

வாசலில் பலாப்பழம்

தழை போதும் என்று நான் சொன்னால் கேட்கிற ஊரா இது?

சாமிக் கிடா என் பட்டிக்குள் இறங்கியது மூன்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அவர் இடுப்பில் துண்டு கட்டி நின்றவர். சாமை சாமிக் குட்டியைச் சுமக்கிறாள் என்று பேச்சு ஆகிவிட்டது.

முதலில் ஒரு பெண் வாழைப்பழச் சீப்போடு வந்தாள். பிறகு இன்னொருத்தி கேழ்வரகுக் களியில் வெல்லம் பிசைந்துகொண்டு வந்தாள். அப்புறம் பலாச்சுளை, அவித்த மரவள்ளி, ஊறவைத்த கடலை. வேலிக்கு வெளியே நின்று, நான் இந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, உள்ளே கையை நீட்டுவார்கள். சாமை வயிற்றை ஆட்டிக்கொண்டு ஓடுவாள். அவளுக்கு என்ன தெரியும்?

"ஏண்டி, அவளக் கொல்லப் போறீங்களா?"

"புள்ளத்தாச்சிக்குக் குடுக்கறதுல என்னங்க்கா தப்பு?" இப்படிக் கேட்டவள் பெயர் வெள்ளையம்மாள். அடுத்த காட்டுக்காரி. நல்லவள். அவள் நல்லவள் என்பதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் கல்லால் அடித்திருப்பேன்.

"குட்டி பெருத்தா இவ செத்துப்போயிருவா."

"சாமி குட்டி தாயக் கொல்லுமா? என்ன பேச்சுங்க இது."

நான் பட்டியிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். காட்டு வேலை கெட்டது. ஒருநாள் சாமையின் வாயில் வெல்ல வாசம் வந்தது. கேட்டால் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

தினமும் அவள் வயிற்றின் வலது பக்கம் கையை வைப்பேன். குட்டி உதைக்கும். முன்பெல்லாம் அந்த உதை கைக்குள் மீன் துள்ளுவதுபோல இருக்கும். இந்த முறை முழங்கையால் இடிப்பதுபோல இருந்தது. கையை எடுத்துவிடுவேன். மறுபடி வைப்பேன்.

சடையனும் வந்தான். வேலிக்கு வெளியே நின்று சாமையின் வயிற்றைப் பார்த்தான்.

"குட்டி கோயிலுக்குத்தானுங்க சேரும். உங்களுக்கே தெரியும்."

"சேந்து? மாலையப் போட்டு வளத்து வெட்டறதுக்கா?"

"பொறக்கட்டும்க்கா. அப்பறம் பேசிக்கலாம்."

"இவ உசுரோட இருந்தாப் பேசலாம்" என்றேன்.

சரிந்த மண்

நாள் நெருங்கும்போது சாமையைக் கீழே கொண்டுபோய் ஜமீலா வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவு. அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம். தேவைப்பட்டால் வயிற்றைக் கிழித்து எடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஜமீலா மாடியில் இடம் ஒதுக்கி, வைக்கோல் பரப்பி வைத்துவிட்டுக் காலை மாலை போன் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வாரம் மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்தது. வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்.

"புளியஞ்சோலைப் பக்கம் நடந்து எறங்கிரலாம், நான் தோள்ல தூக்கிக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். வழுக்குப் பாறையில் சினை ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிற ஆளைப் பாருங்கள். ஆனாலும் அவர் அதைச் சொன்ன பிறகு அவரோடு மறுபடி பேச ஆரம்பித்தேன்.

பாதை திறந்த காலையில், மூடுபனி இன்னும் பலாமரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, சாமை மண்ணைக் கீறிக் கீறிப் படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். வாலின் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. ஈனப்போகிற ஆட்டுக்கு அது கடைசி அடையாளம்.

ஊரில் ஒரே லாரி. யாருடையது என்று சொல்லிவிட்டேன். போய்ச் சடையன் வாசலில் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிறிய குரலில் பேசியது கிடையாது.

"சடையா, வண்டி எடுப்பா."

அவன் கையில் காப்புக் கட்டியிருந்தது. நோன்பு சாட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய பூசாரி ஊர் எல்லை தாண்டக்கூடாது. தீட்டு எதுவும் படக்கூடாது. சாவு வீடு, பிள்ளை பெற்ற வீடு எதற்கும் போகக்கூடாது.

அவன் என்னைப் பார்த்தான். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தான்.

"நம்ம மலையத் தாண்டாட்டிச் சரிதான். அடிவாரம் வரைக்கும் வாரேன். அதுக்கு அந்தப் பக்கம் வேற வண்டி பாத்துக்கங்க" என்றான்.

கொண்டை ஊசி

வீட்டுக்காரர் பின்னால் ஏறினார். நான் முன்னால், சாமையை மடியில் சாக்கு விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவள் உடம்பு என் வயிற்றோடு சாய்ந்து அழுந்தியது. ஒவ்வொரு முக்கலுக்கும் பல்லை நறநறவென்று கடித்தாள். ஆடு பல்லைக் கடித்தால் வலி தாங்கவில்லை என்று அர்த்தம்.

"மெதுவாப் போ."

"மெதுவாத்தானுங்க போறேன்."

"நத்தை மாதிரி ஊர்றியே, வேகமாப் போ."

"அக்கா, ரெண்டுல ஒன்னச் சொல்லுங்க."

பாதி மலை இறங்குவதற்குள் பனிக்குடம் உடைந்து என் சேலை நனைந்தது. வாலைத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு தெரிந்தது. ஒரு குளம்பு தெரிந்தது. இரண்டு குளம்பு தெரிய வேண்டும். ஒன்றுதான் இருந்தது. குட்டியின் நாக்கு வெளியே நீண்டு, நீலம் பாரித்துக் கிடந்தது.

"நிறுத்து!"

வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுப்பதற்காக நிற்கும் வளைவு அது. குரங்குகள் சுவரில் உட்கார்ந்திருந்தன. அங்கே மட்டும் போன் எடுக்கும். தரையில் சாக்கை விரித்து அவளைக் கிடத்தினோம். டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

"ஒரு கால் பின்னால மடங்கியிருக்கு" என்றார் டாக்டர். "இப்படியே இழுத்தா வராது. கீழ வர்ற வரைக்கும் தாங்காதும்மா. தலைய மெதுவா உள்ள தள்ளி, விரலை விட்டு அந்தக் காலைக் கொக்கி மாதிரி முன்னால கொண்டு வாங்க. கையில எண்ணெய் போட்டுக்கங்க."

எண்ணெய்க்கு எங்கே போவது? அப்படியே விட்டேன். என் கை களைக்கொத்து பிடித்த கை. முட்டிகள் எல்லாம் புடைத்தவை. விரல் நுழைந்தது, கை நுழையவில்லை. சாமை அலறினாள். ஆடு கத்துவது வேறு, அலறுவது வேறு. எடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் கை அதைவிடப் பெரியது.

அப்போதுதான் சடையனின் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங் பிடிக்கிற கை என்று யாரும் நம்பமாட்டார்கள். பள்ளிக்கூடப் பெண்ணின் கைபோல மெலிந்தது.

காப்பு

அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓரடி பின்னால் போனான்.

"அக்கா, காப்புக் கட்டியிருக்குதுங்க."

"தெரியும்."

"ஈத்துத் தீட்டு பட்டா நான் கோயில்ல கால் வைக்க முடியாது. நோன்பே நின்னு போயிரும்."

"சாமி குட்டி, சாமி குட்டின்னு அஞ்சு மாசமாச் சொன்னியே. சாமியோட குட்டிக்கு ஏதுடா தீட்டு?" நனைந்த கையால் சாமையைக் காட்டினேன். "சாமி குட்டின்னாத் தீட்டே இல்ல, கையை உடு. வெறும் ஆட்டுக்குட்டின்னா அது என்னுது, உனக்கு அதுல பேச்சில்ல. ஏதாச்சும் ஒன்னச் சொல்லு. இல்ல, இங்கயும் பூப் போட்டுப் பாக்கணுமா?"

பைக்கில் வந்த இரண்டு பையன்கள் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். "எடுத்தீங்கன்னா போன் பள்ளத்துல கெடக்கும்" என்று கத்தினேன். ஒருவன் போனைப் பையில் போட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

சாமை மறுபடி முக்கினாள். இந்த முறை சத்தம் வரவில்லை. கண் மேலே போயிற்று.

சடையன் சட்டைக் கையைச் சுருட்டினான். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்பைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். அதை வண்டிக்குள் இருந்த சாமி படத்துக்குக் கீழே வைத்தான். அங்கேயே கோயில் விளக்குக்கு வாங்கிய எண்ணெய்ப் புட்டி இருந்தது. அதைத் திறந்து முழங்கைவரை ஊற்றிக்கொண்டான்.

காப்பைக் கழற்றிவிட்டான் என்றால் தீட்டு என்று ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். தீட்டு என்றால் அது சாமிக் குட்டி இல்லை. நான் இத்தனை நாள் பேசிய பேச்சு எல்லாம் எனக்கே அப்போது அசிங்கமாகத் தெரிந்தது.

"அவ தலையப் புடிங்க்கா" என்றான்.

பிடித்தேன். போனில் டாக்டரம்மா மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தள்ளுங்க. முக்கும்போது தள்ளாதீங்க, விட்டதும் தள்ளுங்க. முழங்கால் படுதா? குளம்பை உள்ளங்கையில மூடிக்கங்க, இல்லன்னா கிழிச்சிரும். சடையன் கண்ணை மூடியிருந்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது. குரங்குகூட அசையவில்லை.

"கைக்குச் சிக்கிருச்சு" என்றான். "காலு சிக்கிருச்சு, வருது."

இரண்டாவது குளம்பு வந்தது. அடுத்த முக்கலில் தலை வந்தது, தோள் வந்தது, அப்புறம் முழுவதுமாக வழுக்கிச் சாக்கில் விழுந்தது. அசைவு இல்லை. சடையன் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, தொட்டில் ஆட்டுவதுபோல ஒரு வீசு வீசினான். மூக்கிலிருந்து கோழை கொட்டியது. குட்டி தும்மியது.

வீட்டுக்காரர் அழுதார். நான் குட்டியைப் பார்க்கவில்லை. சாமையின் மூக்குக்கு நேரே கையை வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வந்தது. சூடாக, விட்டு விட்டு வந்தது. ரத்தமும் வந்துகொண்டிருந்தது.

"ஏறுங்க" என்றான் சடையன். அடிவாரத்தில் அவன் நிறுத்தவில்லை. காப்பில்லாத கைக்கு எல்லை கிடையாது. ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டினான்.

அங்கே ஜமீலா நின்றுகொண்டிருந்தாள், கையில் வெந்நீர்ப் போசியோடு. "இருக்காளாக்கா?" என்றாள். அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. தையல், ஊசி, குளுக்கோஸ் எல்லாம் ஏற்றி முடிந்து டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "பிழைச்சுக்குவா. ஆனா இனிமே இவ சினையாகக் கூடாது" என்று சொல்லும்வரை நாங்கள் இருவரும் படிக்கட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் யார் கையையும் பிடிக்கிறவள் இல்லை.

காது

மறுநாள் சாமையையும் குட்டியையும் கொண்டுவந்து பட்டியில் விட்டபோது ஊரே வேலியோரம் நின்றது.

குட்டி கிடா. பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் தாயின் வயிற்றுக்கு மேலே முதுகு தெரிந்தது. பால் குடிக்க முன்னங்கால் இரண்டையும் மடக்கி, முழங்காலில் நிற்க வேண்டியிருந்தது. காது இரண்டும், சாமிக் கிடாவுக்கு இருப்பதுபோலவே, கொழுந்து வெற்றிலையாகத் தொங்கின. சாமைக்குக் காது நட்டுக்குத்தல். மிளகுக்கும் அப்படியே. அவை இரண்டுக்கும் பிறந்ததில் ஒன்றுக்குக்கூடக் காது தொங்கியதில்லை.

எல்லோரும் காதையே பார்த்தார்கள். நான் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமை பிழைத்துவிட்டாள். இனி இதை அவளிடமிருந்து எடுப்பார்கள். சாமிக் கிடாவின் குட்டி சாமிக்கு. காதில் வெட்டு, மஞ்சள் தண்ணீர், நோன்புக்குக் கத்தி.

சடையன் எல்லோருக்கும் பின்னால் தனியாக நின்றான். தீட்டு இருப்பதால் யாரையும் தொடாமல் நின்றான். அவனுக்குப் பதிலாக அவனுடைய பங்காளிக்கு அன்று காலையில் காப்புக் கட்டியிருந்தார்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் திரும்பி அவனைக் கேட்டார். "நீதான கையில எடுத்த. யாரோட குட்டி?"

சாமி குட்டி என்று அவன் சொன்னால் தீட்டே இல்லை என்று ஆகும். காப்பும் கோயிலும் அவனுக்கே திரும்பி வரும். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். குட்டியைப் பார்த்தான்.

"மிளகோடதுங்க" என்றான்.

கண்ணெதிரே காது தொங்குகிறது. எவ்வளவு பெரிய பொய். என் முன்னால் இதில் பாதிப் பொய் சொன்னவர்களைக்கூட நான் சும்மா விட்டதில்லை.

வெள்ளையம்மாள் வேலியில் சாய்ந்து குட்டியை நன்றாகப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "மிளகு மாதிரியேதான் இருக்குது. அதே மூக்கு."

"ஒசரந்தான் கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றார் பெரியவர்.

"மலக் காத்துங்க" என்றாள் அவள்.

பெரியவர் தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு பேர் ஆட்டினார்கள்.

என் பக்கத்தில் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். உண்மை பேசுகிற மனிதர். நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். "அது வந்துங்க, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

அவர் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.